எது சாதா, எது ஸ்பெஷல்?

திருவொற்றியூரில் போய் 'ஸ்பெஷல் எடிஷன்' என்று சொன்னால், 'எந்த புல்லட்?' என்றுதான் கேட்பார்கள். நியாயம்தான். 1955-ல் புல்லட் மோட்டார் சைக்கிளுக்காக அங்கே தொழிற்சாலை வந்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த கம்பெனியோடு கூட்டு. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. இந்தப் பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கும்போதே தாய் படுத்துவிட்டாள். 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலைக்குப் பூட்டு. 1970-ல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியின் கதையே முடிந்தது. அப்புறம்தான் வேடிக்கை. 1977-ல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது! இங்கே போலீஸ்காரரும் பால்காரரும் ஓட்டிய சாதா வண்டி, அங்கே பழமைப் பிரியர்களுக்கு ஸ்பெஷல் வண்டி.

இதே கதை ஒரு கறுப்பு பீருக்கும் நடந்திருக்கிறது. அதுவும் நம் ஆட்கள் கப்பலேறிப் போன ஊர்களில். (குடியைப் பற்றிய கட்டுரைதான், குடிக்கச் சொல்லும் கட்டுரை இல்லை. எனவே குடிக்காதவர்களும் தைரியமாகத் தொடரலாம்.)

அந்த பீருக்குப் பெயர் 'ஸ்டவுட்'. அதன் அப்பா பெயர் 'போர்ட்டர்'. ஆமாம், ரயில்வே ஸ்டேஷனில் பெட்டி தூக்குகிற அதே போர்ட்டர்தான். 18-ம் நூற்றாண்டு லண்டனில், தேம்ஸ் கரையிலும் தெருக்களிலும் மூட்டை சுமந்த தொழிலாளிகள் விரும்பிக் குடித்த கறுத்த பீர் அது. குடித்தவன் பெயரே சரக்குக்கும் ஒட்டிக்கொண்டது. ராயபுரத்திலோ காசிமேட்டிலோ பிறந்திருந்தால் அதற்குக் 'கூலியாள்' என்று பெயர் வைத்திருப்பார்கள்! இதில் கொஞ்சம் கனமான, காட்டமான ரகத்தை 'ஸ்டவுட் போர்ட்டர்' என்றார்கள். அதாவது 'திடகாத்திரமான போர்ட்டர்'. நாளடைவில் போர்ட்டர் உதிர்ந்து ஸ்டவுட் மட்டும் நின்றது.

கறுப்பு எங்கிருந்து வருகிறது? சாயம் எதுவும் இல்லை. நாம் காப்பிக்கொட்டை வறுப்பது போலவே பார்லியை வறுக்கிறார்கள். 1817-ல் டேனியல் வீலர் என்பவர் இங்கிலாந்தில் அதற்கென்றே ஓர் உருளைக்கு காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு, வெளிர் மால்ட்டோடு ஒரு கை கரியவறுத்த மால்ட்டைப் போட்டால் போதும், முழு அண்டாவும் கறுத்துவிடும். ஸ்டவுட் குடித்தவர்கள் 'காப்பி வாசனை அடிக்குது' என்று சொல்வது அதனால்தான்.

ஸ்டவுட் என்றதும் உலகம் சொல்லும் பெயர் கின்னஸ். நமக்கு அது சாதனைப் புத்தகம். நகம் வளர்த்தவர், இரண்டு நாள் விடாமல் நடனம் ஆடியவர் எல்லாம் இடம்பிடிக்க ஆசைப்படும் புத்தகம். ஆனால் அதைத் தொடங்கியதே ஒரு பீர் கம்பெனிதான்! அதன் நிர்வாக இயக்குநர் ஹ்யூ பீவர் வேட்டைக்குப் போன இடத்தில் 'எந்தப் பறவை வேகமாகப் பறக்கும்?' என்று வாக்குவாதம் வந்தது. இப்படிப்பட்ட சண்டைகளைத் தீர்க்க ஒரு புத்தகம் போட்டால் என்ன என்று அவர் நினைக்க, 1955-ல் முதல் பதிப்பு வந்தது. திருவொற்றியூரில் புல்லட் தொடங்கிய அதே வருஷம்.

கம்பெனி அதைவிட ரொம்பப் பழசு. 1759-ல் ஆர்தர் கின்னஸ் டப்ளின் நகரில் ஓர் ஆலையைக் குத்தகைக்கு எடுத்தார். வருஷத்துக்கு 45 பவுண்டு. எத்தனை வருஷத்துக்குத் தெரியுமா? 9,000 வருஷத்துக்கு! நம்மூரில் 99 வருஷக் குத்தகைக்கே கோர்ட்டில் தலைமுறைகள் கழிகின்றன.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இன்று இந்தக் கம்பெனியின் சாதா ஸ்டவுட், அதாவது டப்ளினிலும் லண்டனிலும் குழாயைத் திருப்பிக் கோப்பையில் பிடிப்பது, 4.2 சதவிகித ஆல்கஹால். மோர் மாதிரி வெண்ணுரை, வழுவழுப்பு, இதமான கசப்பு. இன்னொரு பக்கம் 'ஃபாரின் எக்ஸ்ட்ரா' என்றொரு ரகம். 7.5 சதவிகிதம். நாக்கில் சுருக்கென்று பிடிக்கும், கசப்பு கூட, லேசான புளிப்பும் உண்டு. ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு, ஆனால் பலத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பெயரையும் பலத்தையும் பார்த்தால் பணக்காரர்களுக்காகக் காய்ச்சிய ஸ்பெஷல் சரக்கு என்றுதான் தோன்றும்.

இல்லை. அது கப்பலுக்காகக் காய்ச்சிய சரக்கு.

பாய்மரக் காலத்தில் லண்டனிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு சென்னைக்கு வர நாலு முதல் ஆறு மாதம் ஆகும். பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டவேண்டும். கப்பலின் வயிற்றுக்குள் வெக்கையில் பீப்பாய்கள் வேகும். சாதாரண பீர் காடியாகிவிடும். அதைத் தடுக்க இரண்டு காவல்காரர்கள் உண்டு. ஒன்று, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ. இன்னொன்று ஆல்கஹால். இரண்டையும் கூட்டினால் பீர் தாங்கும். நம் பாட்டிகள் ஊறுகாயில் உப்பையும் காரத்தையும் ஏற்றுவது போலத்தான். கின்னஸ் ஆலையில் 1801-லேயே வெஸ்ட் இண்டீஸ் தீவுகளுக்கென்று இப்படி ஒரு போர்ட்டர் காய்ச்சிய குறிப்பு இருக்கிறது. அதன் வாரிசுதான் ஃபாரின் எக்ஸ்ட்ரா.

சென்னைக்கு வந்த பீர்களுக்குக் கடைசி மைலில் இன்னொரு கண்டம் காத்திருந்தது. அப்போது இங்கே துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். மசூலா படகுகள் போய்ச் சரக்கை இறக்கிவரும். ஆணி இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுகள். ஆணி அடித்த படகு என்றால் வங்கக்கடல் அலையில் அடிபட்டுப் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்துகொடுக்கும். கோட்டையிலும் பரங்கிமலையிலும் இருந்த வெள்ளைக்கார சோல்ஜர்களுக்கான போர்ட்டர் இப்படித்தான் நம் கடலோடிகளின் துடுப்பு பலத்தில் கரை ஏறியது. துரைமார்களுக்கு வெளிர் பீர், சோல்ஜர்களுக்குக் கறுப்பு பீர். கோப்பையிலும் உத்தியோகப் படிநிலை!

சரி, கப்பலுக்காக ஸ்டவுட்டின் பலத்தை ஏற்றினார்கள். அப்படியென்றால் டப்ளின்காரர்கள் அப்போது 4.2-ஐத்தான் குடித்தார்களா? இங்கேதான் திருப்பம். முதல் உலகப் போருக்கு முன்னால் அயர்லாந்தில் விற்ற சாதாரண பாட்டில் ஸ்டவுட்டும் 7 சதவிகிதத்துக்கு மேல் இருந்தது! 1914-ல் போர் வந்தது. தானியத்துக்குத் தட்டுப்பாடு. கஜானாவுக்குப் பணத்தட்டுப்பாடு. பிரிட்டிஷ் அரசு பீரின் கனத்தைப் பார்த்து வரியைத் தீட்டித் தள்ளியது. ஆலைக்காரர்கள் கனத்தைக் குறைத்தார்கள். போர் முடிந்தது. வரி இறங்கவில்லை, பீரும் பழைய பலத்துக்குத் திரும்பவில்லை. ஏற்றுமதிச் சரக்குக்கு அந்த உள்நாட்டு வரி கிடையாது. அதனால் வெளியூர் போன பாட்டில் மட்டும் பழைய ஜாதகத்தோடு தப்பித்தது.

ஆக, ஸ்பெஷல் உயரவில்லை. சாதா இறங்கிவிட்டது. தாத்தா காலத்துச் சாதாவைத்தான் பேரன் ஸ்பெஷல் என்று கும்பிடுகிறான்.

இரண்டு சரக்கை ஒப்பிடுவது பற்றிப் பேசும்போது ஒருவரைச் சொல்லாமல் விடக்கூடாது. வில்லியம் காசெட். 1899-ல் கின்னஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். பார்லியிலும் ஹாப்ஸிலும் கொஞ்சமே மாதிரி எடுத்துச் சோதிக்கும்போது, தெரிகிற வித்தியாசம் நிஜமா, தற்செயலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு ஒரு கணக்கு கண்டுபிடித்தார். ஊழியர்கள் தங்கள் பெயரில் ஆராய்ச்சி வெளியிடக் கம்பெனி அனுமதிக்கவில்லை. 1908-ல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். நம் காலேஜ்களில் புள்ளியியல் படிக்கிற பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் 'ஸ்டூடண்ட்ஸ் டி டெஸ்ட்' இதுதான். அதில் டி என்பது டீயும் இல்லை, பீரும் இல்லை. ஆனால் பிறந்த இடம் பீர் ஆலை.

இனி நம் ஆட்கள்.

சென்னையை அடுத்த ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் கூலிகளைச் சேர்த்து அனுப்பும் முகாம்கள் இருந்தன. அங்கிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலைப் பற்றி இன்றும் பேசுகிற பெரியவர்கள் உண்டு. ரப்பர் தோட்டத்தில் 1920-களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு கூலி. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை. கொடுத்த கூலி சாயங்காலமே திரும்பி வந்துவிடும் ஏற்பாடு! அதை எதிர்த்து 1947-ல் கெடா மாநிலத்தில் தமிழ்த் தொழிலாளர்களே 'தொண்டர் படை' அமைத்துக் கள்ளுக்கடை மறியல் செய்தார்கள். போலீஸோடு மோதல் நடந்தது.

கள்ளு இப்படிக் கெட்ட பெயர் வாங்கியபோது, ஸ்டவுட் மட்டும் 'மருந்து' என்ற நல்ல பெயரோடு உள்ளே நுழைந்தது. 1929-ல் கின்னஸ் தன் முதல் விளம்பர யுத்தத்தைத் தொடங்கியபோது அதன் கோஷமே 'உடம்புக்கு நல்லது' என்பதுதான். மலாயாவில் அது நன்றாக வேலை செய்தது. பிள்ளை பெற்றவளுக்கு ரத்தம் ஊற ஸ்டவுட் கொடுக்கும் பழக்கம் சீனர் வீடுகளிலும் இந்தியர் வீடுகளிலும் பரவியது. கறுப்பாக இருக்கிறதே, இரும்புச்சத்து இருக்கும் என்று நம்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அடையாளம் கண்டு வாங்க, பாட்டிலில் அடைக்கும் வியாபாரிகள் லேபிளில் மிருகத் தலைகளைப் போட்டார்கள். 'கறுப்பு நாய்' என்றே கேட்டு வாங்கும் வழக்கம் வந்தது.

அந்த இரும்புச்சத்துக் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு பெரிய கோப்பை ஸ்டவுட்டில் சுமார் 0.3 மில்லிகிராம் இரும்பு. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குத் தேவை 27 மில்லிகிராம். ஸ்டவுட்டை நம்பினால் தினம் தொண்ணூறு கோப்பை குடிக்கவேண்டும்! அதற்குள் இரும்பு அல்ல, ஆள் உருகிவிடும். ஆல்கஹால் தாய்ப்பாலிலும் இறங்கும் என்பது தனி வயிற்றெரிச்சல். அதிலும் அந்தத் தாய்மார்களுக்குக் கிடைத்தது சாதா ரகம் அல்ல, ஃபாரின் எக்ஸ்ட்ரா ரகம். 40 காசு கூலிக்காரிக்கு டப்ளின்காரனைவிடக் காட்டமான சரக்கு, மருந்து என்ற பெயரில். என்னைக் கேட்டால், இந்தக் கறுப்பு பீர் வரலாற்றிலேயே கறுப்பான பக்கம் இதுதான்.

1965-ல் கோலாலம்பூரை அடுத்த சுங்கை வேயில் ஆலை திறந்து அங்கேயே காய்ச்ச ஆரம்பித்தார்கள். டப்ளினிலிருந்து கெட்டியான கறுப்புச் சாறு மட்டும் வரும். டிக்காஷனில் பால் கலப்பது போல, உள்ளூரில் காய்ச்சிய பீரில் அதைக் கலப்பார்கள். கடல் தாண்டும் அவசியமே இல்லை. ஆனாலும் கடலுக்காக ஏற்றிய காட்டம் போகவில்லை. நாக்கு பழகிவிட்டது.

இலங்கையில் கதை இன்னும் சுவாரஸ்யம். நுவரெலியாவின் குளிரையும் மலைத் தண்ணீரையும் பார்த்து வெள்ளைக்காரர்கள் அங்கே பீர் காய்ச்சினார்கள். லயன் கம்பெனி தன் வயதை 1881-லிருந்து எண்ணுகிறது. (சென்னையில் கட்டிக்கொண்டிருந்த துறைமுகத்தைப் புயல் நொறுக்கியதும் அதே 1881-ல்தான்.) சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், அவற்றில் நம் மலையகத் தமிழர்கள். வெயில் ஊருக்கு லேசான லாகர் பீர்தானே பொருத்தம்? லாகரும் விற்றது. ஆனால் கூடவே, லண்டன்காரர்களே கைவிட்டுவிட்ட கனத்த ஸ்டவுட்டும் அங்கே பிழைத்துக்கிடந்தது. இன்றைய லயன் ஸ்டவுட் 8.8 சதவிகிதம். இதை அராக்கோடு கலந்து அடிக்கும் மகானுபாவர்களும் அங்கே உண்டு.

அங்கே போட்டிக்கு வந்த இன்னொரு ஸ்டவுட்டின் பெயர் 'சாண்டோ'. உலகப் புகழ் பயில்வான் யூஜின் சாண்டோவின் பெயர். நமக்கு சாண்டோ சின்னப்பா தேவரும் சாண்டோ பனியனும் எந்த மனுஷன் பெயரில் வந்தனவோ, அதே மனுஷன். ஸ்டவுட் குடித்தால் பயில்வான் ஆகலாம் என்ற 'மருந்து' வாசனை இங்கேயும் அடிக்கிறது பாருங்கள்.

லயன் ஸ்டவுட்டை உலகத்துக்குக் காட்டியவர் மைக்கேல் ஜாக்சன். நடனக்காரர் இல்லை, இங்கிலாந்தின் பீர் எழுத்தாளர். 1942-ல் பிறந்து 2007-ல் மறைந்தவர். நுவரெலியாவுக்கும் கண்டிக்கும் போய்க் குடித்துப் பார்த்து, காணாமல் போன ஆங்கில ஸ்டவுட்டை இங்கே கண்டேன் என்ற ரீதியில் கொண்டாடி எழுதினார். கம்பெனி விடுமா? அவர் தாடி முகத்தையே லேபிளில் போட்டுவிட்டது!

டப்ளின்காரர்களும் பிறகு விழித்துக்கொண்டார்கள். 2009-ல் கின்னஸின் 250-வது வருஷத்துக்கு ஸ்பெஷல் ஸ்டவுட் ஒன்று அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூரில் மட்டும் வந்தது. பலம் 5 சதவிகிதம். சாதாவைவிடக் கொஞ்சம் கூட. வெண்ணுரை தரும் நைட்ரஜனுக்குப் பதில் சோடா மாதிரி சுரீர் வாயு. டப்ளின் கணக்கில் அது ஸ்பெஷல்தான். ஆனால் சிங்கப்பூர் தேக்காவில் காலம்காலமாக ஃபாரின் எக்ஸ்ட்ரா குடித்துப் பழகிய தமிழருக்கு? அவருடைய சாதாவைவிட அந்த ஸ்பெஷல் இளப்பம்! 2014-ல் இன்னொரு முயற்சி. 1801 குறிப்பை வைத்து 'வெஸ்ட் இண்டீஸ் போர்ட்டர்' என்று 6 சதவிகிதத்தில் ஒன்று இறக்கினார்கள். அதுவும் ஃபாரின் எக்ஸ்ட்ராவுக்குக் கீழேதான்.

லயன் ஆலை 1990-களின் இறுதியில் மலையிலிருந்து கொழும்பை அடுத்த பியகமவுக்கு இறங்கிவிட்டது. 2016 மே மாத வெள்ளத்தில் மூழ்கி, மாதக்கணக்கில் உற்பத்தி நின்று, மறுபடி எழுந்தது. அதன் சாதா ஸ்டவுட், அமெரிக்கக் கடைகளில் 'ஸ்பெஷல் இறக்குமதி' வரிசையில் நிற்கிறது.