நாக்பூர் உரிமமும் நாரணாபுரத்து அறைகளும்

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் பட்டாசு ஆலை என்பது ஒரே கட்டடம் அன்று. வேலியிட்ட பொட்டல் நிலத்தில் ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும் சிற்றறைகளின் கூட்டம். மருந்து கலக்க ஓர் அறை, குழாயில் மருந்து செலுத்த ஓர் அறை, திரி வைக்க இன்னோர் அறை, வெயிலில் காயவைக்க மேடை, எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி இருப்புக் கிடங்கு. இந்த அமைப்பைத் தீர்மானித்தது வெடிமருந்துச் சட்டம். விபத்தே நடக்காது என்று அந்தச் சட்டம் ஒருபோதும் நம்பியதில்லை. ஓர் அறை வெடித்தால் தீ அடுத்த அறைக்குத் தாவக் கூடாது, உயிர்ச்சேதம் அந்த அறையில் இருப்பவர்களோடு நிற்க வேண்டும் என்பதே அதன் கணக்கு. மருந்தின் எடை, அறைகளுக்கு இடையே தூரம், ஆட்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் கட்டுப்படுத்தினால் போதும் என்று அது கருதியது.

இந்தக் கணக்கு இங்கிலாந்தின் 1875-ஆம் ஆண்டு வெடிமருந்துச் சட்டத்தின் வழிவந்தது. இந்தியாவில் 1884-இல் சட்டமும், 1898-இல் அதற்கென ஒரு துறையும் வந்தன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்றைய பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அந்தத் துறையின் தொடர்ச்சிதான். அப்போது சிவகாசியில் பட்டாசுத் தொழில் இல்லை. 1922-இல் அந்த ஊரைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று, மறு ஆண்டு ஊர் திரும்பினார்கள். மழை குறைந்த, காற்றில் ஈரம் குறைந்த வானிலை தீக்குச்சிக்கு வாய்த்தது; பட்டாசுக்கும் அதுவே வாய்த்தது. 1940-இல் வந்த வெடிமருந்து விதிகள் பட்டாசு உற்பத்திக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கின. உலகப் போரால் வெளிநாட்டுச் சரக்கு நின்றுபோன அந்த ஆண்டுகளில் உரிமம் பெற்ற ஆலைகள் வேரூன்றின. சிவகாசியில் தொழில் வளர்ந்த பிறகு விதி வந்தது என்று எண்ணுவது சரியல்ல. இரண்டும் கூடவே வளர்ந்தன.

விதிகள் 1983-லும் 2008-லும் திருத்தி எழுதப்பட்டன. உரிமம் மருந்தின் அளவைப் பொறுத்தது. ஒரு சமயத்தில் 15 கிலோவுக்கு மேற்படாத சிறு ஆலைக்கு மாவட்ட நிர்வாகமே உரிமம் தரலாம். வட்டாரத்தில் அதற்கு டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) உரிமம் என்று பெயர். அதற்கு மேற்பட்ட அளவுக்கு, சென்னையிலோ நாக்பூரிலோ உள்ள வெடிபொருள் அமைப்பின் அதிகாரிகளிடம் போக வேண்டும். சென்னை உரிமம், நாக்பூர் உரிமம் என்று சொன்னாலே ஆலை எவ்வளவு பெரியது என்பது உள்ளூர்க்காரருக்கு விளங்கிவிடும். இதற்கு மேல் மாநிலத் தொழிலகப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் ஆய்வும் உண்டு.

அறைக்குள் நடக்கும் வேலைக்கும் வரம்பு உண்டு. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது. இரும்புக் கருவி ஆகாது. தரையில் ரப்பர் விரிப்பு, உடம்பில் பருத்தி ஆடை, வெளிப்புறம் திறக்கும் கதவு. வெயில் ஏறுமுன் கலவை வேலையை முடிப்பது வழக்கம். அலுமினியப் பொடியும் நைட்ரேட் உப்பும் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் அது மெல்லச் சூடேறி, யாரும் தொடாமலே பற்றிக்கொள்ளும். மீந்த மருந்தை இரவில் வைத்திருக்கக் கூடாது என்ற விதிக்குக் காரணம் இதுதான். ‘மருந்து உராய்வு’ என்று ஒரே சொல்லில் செய்தித்தாள்கள் முடித்துவிடும் விபத்துகளில் இப்படித் தானாகச் சூடேறியவையும் இருக்கக்கூடும்.

வேதிப்பொருள் விஷயத்தில் சட்டம் ஆமை வேகத்தில்தான் நகர்ந்தது. குளோரேட் உப்போடு கந்தகத்தைச் சேர்த்தால் கலவை நிலையாக இருக்காது. கந்தகத்தில் உண்டாகும் சிறிது அமிலமே அதை எரியவைக்கப் போதும். பட்டாசில் இந்தச் சேர்க்கையை இங்கிலாந்து 1894-இல் தடை செய்தது. இந்தியா தடை செய்தது 1992-இல். இடையில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு.

சட்டத்தின் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருந்தது. உரிமம் இடத்துக்கும் உரிமையாளருக்கும் தரப்படுகிறது. வேலையோ பல ஆலைகளில் உள்குத்தகைக்காரர் கையில் நடக்கிறது. உரிமம் பெற்றவர் அறைகளைத் தனித்தனியே வாடகைக்கு விடுவார். அறையை எடுத்தவர் தீபாவளிக்குள் போட்ட முதலை எடுத்தாக வேண்டும். கூலியும் உருப்படிக் கணக்கில். நான்கு பேர் அறையில் கூடுதல் ஆட்கள் உட்காருவதும், மரத்தடியிலும் தகரக் கொட்டகையிலும் மருந்து செலுத்துவதும் இப்படித்தான் நுழைந்தன. எடையும் தூரமும் தாளில் அப்படியே இருக்க, களத்தில் இரண்டும் பொருளிழந்தன.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி ஆலையில் நடந்த வெடிவிபத்து இதன் விளைவு. 38 பேர் இறந்தார்கள். முதல் வெடிப்பைக் கேட்டு உதவிக்கு ஓடிவந்த அக்கம்பக்கத்தவர் பலர் அடுத்த பெருவெடிப்பில் சிக்கினார்கள். அறைக்குள் இருப்பவரை மட்டும் எண்ணிய பழைய கணக்கில் இவர்களுக்கு இடமே இல்லை.

அடுத்த பெரிய கட்டுப்பாடு பாதுகாப்பை முன்னிட்டு வரவில்லை. டெல்லியின் காற்று மாசு குறித்த வழக்கில் 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்து, மாசு குறைந்த ‘பசுமைப் பட்டாசை’ மட்டும் அனுமதித்தது. பச்சை ஒளியைத் தருவது பெரும்பாலும் பேரியம் நைட்ரேட்தான். மத்தாப்பு, பூச்சட்டி வகைகளிலும் அது முக்கிய மூலப்பொருள். நாட்டின் பட்டாசில் பெரும்பகுதியைத் தரும் வட்டாரத்தில் ஆலைகள் சில காலம் மூடிக் கிடந்தன. பழகிய கைகள் புதிய கலவையைக் கற்க வேண்டியதாயிற்று.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. உள்குத்தகை அங்கே வெளிப்படையாகப் பேசுபொருள் ஆனது. இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றும் தீர்ப்பாயம் நிர்ணயித்தது. அதன் பின்னரும் 2023 அக்டோபரில் ரெங்கபாளையத்திலும், 2024 மே மாதம் செங்கமலப்பட்டியிலும், 2025 ஜூலையில் சின்னகாமன்பட்டியிலும் ஆலைகள் வெடித்தன. ஒவ்வொன்றுக்குப் பின்னும் ஆய்வுக் குழுக்கள் புறப்பட்டன; குழு வருகிறது என்ற தகவல் கிடைத்ததும் ஆலையைப் பூட்டிவிட்டுப் போவதும் நடந்தது. பூட்டிய ஆலையில் அறைகள் இருக்கும், தூரம் சரியாக இருக்கும், உரிமத் தாளும் இருக்கும். யாருக்கு எந்த அறை குத்தகை என்பது அந்தத் தாளில் எழுதப்படுவதில்லை.