கீழூரில் எட்டுப் பேர்

உத்திரமேரூர்ப் பக்கம் பாண்டிச்சேரி என்ற பேச்சு எடுத்தாலே ஒரு சிரிப்பு வரும். மதுராந்தகம் போய், திண்டிவனம் தாண்டினால் பாண்டி. எதுக்குப் போறான் என்று யாரும் கேட்க மாட்டார்கள். திரும்பி வரும்போது பையில் என்ன இருந்தது என்றுதான் கேட்பார்கள். அங்கே சரக்கு விலை ஏன் குறைவு என்று கேட்டால் "அது யூனியன் பிரதேசம்பா, வரி வேற" என்று டீக்கடையில் பதில் வந்துவிடும். சரியான பதில்தான். ஆனால் நமக்குப் பக்கத்தில், நம்ம பாஷையே பேசுகிற ஒரு ஊருக்கு மட்டும் ஏன் வரி வேறு, சட்டசபை வேறு? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் ஒரு வாக்கெடுப்பில் போய் நிற்போம். ஒரு நிலமும் அதன் மக்களும் ஓர் அரசியல் ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதா வேண்டாமா என்று நடந்த வாக்கெடுப்பு. 2016இல் பிரிட்டன் நடத்தியதற்கு 62 வருடம் முந்தையது.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு வாக்கு என்றதும் குடவோலைதான் நினைவுக்கு வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919 மற்றும் 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் வரைக்கும் இந்தக் கல்வெட்டைப் பற்றிப் பேசினார்கள். பெருமைதான். ஆனால் அந்தச் சுவர் உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்த்தால், அது நாம் இன்று போடும் ஓட்டு இல்லை. முப்பது குடும்புகளிலிருந்து தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அது குலுக்கல். தகுதிக்கு நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். அது ஒரு பிராமணச் சதுர்வேதிமங்கலத்தின் சபை. பெண்களுக்கோ, அந்த நிலத்தில் உழுதவர்களுக்கோ அந்தக் குடத்தில் ஓலை இல்லை.

இன்னொரு விஷயமும் அந்தச் சுவரில் இருக்கிறது. அதை அதிகம் பேசுவதில்லை. 919இல் ஒரு விதி எழுதினார்கள். இரண்டே வருடத்தில், 921இல், அதைத் திருத்தி மறுபடி எழுதினார்கள். முதலில் முப்பது வயதுக்கு மேல் அறுபதுக்குள் என்று இருந்தது, பிறகு முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று ஆனது. குலுக்கும் முறையும் விரிவாக எழுதப்பட்டது. வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூன்று வருடம் வர முடியாது. கணக்குக் காட்டாதவர் வரவே முடியாது. தப்பாகப் போனால் திருத்திக்கொள்ளலாம், தவறான ஆள் வந்தால் அடுத்த வருடம் போய்விடுவார் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் அடிப்படை.

வெளியேறும் வாக்கெடுப்புக்கு இந்த வசதி கிடையாது. அது பெரும்பாலும் ஒருமுறை மட்டும் திறக்கிற கதவு. அதனால்தான் அதற்கு வருகிற எதிர்வினைகளும் வேறு மாதிரி இருக்கின்றன. தேர்தலில் தோற்றவன் ஐந்து வருடம் பொறுத்திருப்பான். இதில் தோற்றவன் எத்தனை வருடம் பொறுப்பது?

கதைக்கு வருவோம். 1947 ஆகஸ்டில் வெள்ளைக்காரன் போனான் என்று நாம் சொல்லும்போது இங்கிலீஷ்காரனைத்தான் சொல்கிறோம். பிரெஞ்சுக்காரன் போகவில்லை. பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், வங்காளத்தில் சந்திரநாகூர் என ஐந்து துண்டுகள் பிரான்ஸிடம் இருந்தன. பிரான்ஸ் 1946இல் புது அரசியலமைப்பு எழுதி, தன் காலனிகளையெல்லாம் 'பிரெஞ்சு யூனியன்' என்ற ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்திருந்தது. அதனால் பாண்டிச்சேரிக்காரர்கள் முன்னால் இருந்த கேள்வி, "இந்தியாவோடு சேரலாமா" என்பது மட்டும் இல்லை. "பிரெஞ்சு யூனியனை விட்டு வெளியே வரலாமா" என்பதும்தான்.

1948 ஜூனில் இரண்டு அரசுகளும் ஒரு முடிவுக்கு வந்தன. மக்களையே கேட்டுவிடுவோம், வாக்கெடுப்பு நடத்துவோம். முதலில் சந்திரநாகூர். 1949 ஜூன் 19 அன்று நடந்த வாக்கெடுப்பில் இந்தியாவுக்கு ஆதரவாக 7,473 பேர், பிரெஞ்சு யூனியனில் நீடிக்க 114 பேர். கல்கத்தா கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் அது, ஆச்சரியம் ஒன்றுமில்லை. அடுத்து மற்ற நான்கு ஊர்களிலும் நடக்க வேண்டும். நடக்கவே இல்லை.

ஏன் என்பதற்கு இரண்டு பக்கமும் காரணம் சொன்னார்கள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ஆதரவு அரசியல் அப்போது பலமாக இருந்தது. எதுவார் குபேர் தலைமையிலான சோஷலிஸ்ட் கட்சி அந்த ஆதரவில்தான் தேர்தல்களை வென்றது. குபேர் 1951இல் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கே உறுப்பினராகப் போனார். எதிர்ப்பக்கத்தில் வ. சுப்பையா. 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட போராட்டத்தின் வழியே வந்த கம்யூனிஸ்ட் தலைவர். இந்தியாவோ 1949இல் சுங்க ஏற்பாட்டை முறித்துக்கொண்டது. பாண்டிச்சேரி ஒரே பரப்பாக இருக்கும் நிலம் இல்லை. நடுநடுவே இந்தியக் கிராமங்கள், அதற்கு நடுவே பிரெஞ்சுக் கிராமங்கள் என்று சிதறிக் கிடந்தது. வயல் ஒரு தேசத்தில், களம் இன்னொரு தேசத்தில் என்கிற நிலை. சோதனைச் சாவடி வந்ததும் அன்றாடம் இறுகிப்போனது.

1954இல் எல்லாம் வேகமாகப் புரண்டது. மார்ச் மாதத்தில் குபேர் கட்சி மாறவில்லை, கட்சியோடு சேர்ந்தே நாடு மாறினார். நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. திருபுவனை, ஏனாம், மாஹே என்று ஒவ்வொன்றாகப் பிரெஞ்சுப் பிடி நழுவியது. நடுவே மே 7 அன்று வியட்நாமின் தியன்பியன்பூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சைகோனையே இழக்கப்போகும் அரசுக்குப் பாண்டிச்சேரியைக் கட்டிக் காக்கும் தெம்பு இல்லை. புதிய பிரதமர் மாந்தேஸ் பிரான்ஸ் பேசி முடிக்க விரும்பினார்.

அப்படித்தான் அந்த ஆண்டு அக்டோபர் 18 வந்தது. இடம், வில்லியனூர்ப் பக்கம் கீழூர் என்ற சின்ன கிராமம். ஓட்டுப் போட வந்தவர்கள் பொதுமக்கள் இல்லை. பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களும், மொத்தம் 178 பேர். இணைப்புக்கு ஆதரவாக 170. எதிராக 8. மூன்று நாள் கழித்து டெல்லியில் ஒப்பந்தம். நவம்பர் 1 காலையில் பிரெஞ்சு அரசு நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தது. கேவல் சிங் முதல் தலைமை ஆணையராகப் பொறுப்பேற்றார்.

தெருவில் கொண்டாட்டம் இருந்தது. அதில் பொய் இல்லை. இருபது வருடமாக அடி வாங்கியவர்கள், சிறைக்குப் போனவர்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் தலைமறைவாக வாழ்ந்தவர்கள் அன்று வீடு திரும்பினார்கள். ஆனாலும் ஒரு கணக்கு உறுத்துகிறது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்காக 178 பேர் பதில் சொன்னார்கள். அந்த 178 பேரில் பலர், சில மாதம் முன்பு வரை பிரெஞ்சு யூனியன்தான் நல்லது என்று பேசி ஜெயித்தவர்கள். நேரடியாகக் கேட்டிருந்தாலும் இந்தியாதான் ஜெயித்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஆனால் கேட்கப்படாதவனுக்கு, அவன் என்ன சொல்லியிருப்பான் என்று இன்னொருவன் ஊகிப்பது பதில் ஆகாது.

பிரிட்டன் இதற்கு நேர் எதிரான வழியில் போனது. 2016 ஜூன் 23 அன்று எல்லோரையும் கேட்டார்கள். 72.2 சதவீதம் பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள். வெளியேற 51.9, நீடிக்க 48.1. மறுநாள் காலையே ஒரு பகுதி மக்கள் பட்டாசு வெடிக்கும் மனநிலையில் இருந்தார்கள், இன்னொரு பகுதி இழவு வீடு மாதிரி இருந்தது. மறு வாக்கெடுப்பு கேட்டு நாற்பது லட்சத்துக்கும் மேலானோர் கையெழுத்துப் போட்டார்கள். ஸ்காட்லாந்து நீடிக்கச் சொன்னது, இங்கிலாந்து வெளியேறச் சொன்னது. ஒருவருக்கு வெற்றி வந்த அதே நிமிடத்தில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் அந்நியராகத் தெரிந்தார். எல்லோரையும் கேட்டாலும் காயம் வரும், 178 பேரை மட்டும் கேட்டாலும் காயம் வரும். காயம் தெரியவரும் நேரம்தான் வேறு. பிரிட்டனில் அடுத்த நாள் காலையிலேயே தெரிந்தது. பாண்டிச்சேரியில் எட்டு வருடம் கழித்து, வீட்டுக்கு வீடு தெரிந்தது.

அந்த எட்டு வருடக் கதை இதுதான். 1954இல் கைமாறியது நிர்வாகம் மட்டுமே. சட்டப்படி நிலத்தை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கை 1956 மே 28 அன்று கையெழுத்தானது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை, இழுத்தடித்தது. அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு இடத்தைக் கொடுத்தால் மற்ற இடத்துக்கும் வாய் திறப்பார்கள் என்ற பயம். 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. ஆகஸ்ட் 16 அன்று பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவானது.

அன்றிலிருந்து ஆறு மாதம். அங்கே பிறந்து அங்கேயே வாழ்கிற பிரெஞ்சுக் குடிமக்கள் எல்லோரும் தானாகவே இந்தியர் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் அதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இதை அங்கே 'ஒப்சியோன்' என்றார்கள். பதினெட்டு வயது ஆகாத, கல்யாணம் ஆகாத பிள்ளைகளுக்கு அப்பாவின் முடிவுதான் முடிவு. பாண்டிச்சேரியில் பிறந்து சைகோனில் குடியிருந்தவர்களுக்கோ விதி தலைகீழ். அவர்கள் எதுவும் செய்யாமல் இருந்தால் பிரெஞ்சுக்காரர்களாகவே இருப்பார்கள். ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் சைகோனில் வேலை பார்த்தான், தம்பி வில்லியனூரில் நிலம் பார்த்தான் என்று வையுங்கள். இரண்டு பேருமே எந்தத் தாளிலும் கை வைக்கவில்லை. 1963 பிப்ரவரி முடியும்போது அண்ணன் ஒரு தேசம், தம்பி ஒரு தேசம்.

என் பார்வையில் பாண்டிச்சேரியின் உண்மையான வாக்கெடுப்பு அந்த ஆறு மாதம்தான். சாவடி இல்லை, பெட்டி இல்லை, ரகசியமும் இல்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து வந்தவர்களை அங்கே 'சொல்தா' என்பார்கள். அவர்கள் வீட்டில் பென்ஷன் கணக்கு இருந்தது. 1881 ஆணைப்படி சாதி வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமைச் சட்டத்துக்கு மாறிய ரெனோன்சான் குடும்பங்களும் இருந்தன. அவர்களில் பலருக்குப் பிரான்ஸ் என்பது வெறும் எஜமானன் இல்லை. சாதிப் பெயரை விட்டுவிட்டு ஒரு புதுப் பெயரோடு நிற்க வழி கொடுத்த சட்டம் அது. சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் கொடுக்கவில்லை. கொடுக்காதவர்களில் இந்தியாவை விரும்பித் தேர்ந்தவர் எத்தனை பேர், விஷயமே தெரியாமல் விட்டவர் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்ல எந்தக் குடத்திலும் ஓலை இல்லை. பிற்காலத்தில் பேரப்பிள்ளைகள் பழைய பிறப்புச் சான்றுகளைத் தேடி எடுத்துக்கொண்டு பிரெஞ்சு நீதிமன்றங்கள் வரை போனது இதனால்தான். பிரிட்டனிலும் இதே கதைதான். அங்கே வாழ்ந்த ஐரோப்பியர்கள் 2021 ஜூன் 30க்குள் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பெரிய கேள்விக்கு ஊர் பதில் சொல்லும், சின்னப் படிவத்தை ஒவ்வொருத்தரும் தனியாக நிரப்ப வேண்டும்.

இதே மாதங்களில் நம்ம மாவட்டத்தில் என்ன நடந்தது? 1962இல் காஞ்சிபுரம் தொகுதியில் தோற்ற அண்ணா, மாநிலங்களவைக்குப் போய்த் தன் முதல் பேச்சிலேயே திராவிட நாட்டுக்குச் சுயநிர்ணய உரிமை கேட்டார். அந்த அக்டோபரில் சீனப் போர். 1963இல் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தம், பிரிவினை பேசுபவர் தேர்தலில் நிற்க முடியாது என்று வாசலை அடைத்தது. திமுக அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. ஒரு பக்கம், யூனியனை விட்டு வெளியேறியவர்கள் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம், வெளியேறலாமா என்ற கேள்வியை ஓட்டுக்கு வருவதற்கு முன்பே மடித்து வைத்துக்கொண்டிருந்தார்கள். உத்திரமேரூரில் இன்றும் 'ஒன்றியம்' என்றால் முதலில் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ்தான். பெரிய ஒன்றியத்தைப் பற்றிய கேள்வி நம்மிடம் நேராகக் கேட்கப்பட்டதே இல்லை.

கீழூருக்குப் பிறகு பாண்டிச்சேரி எல்லாவற்றுக்கும் தலையாட்டும் ஊராகிவிடவும் இல்லை. உடன்படிக்கையில் ஒரு வரி உண்டு. அந்த நிலத்தின் தனி அந்தஸ்தை மாற்றுவதாக இருந்தால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே மாற்ற வேண்டும். 1979 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோது, தமிழ்நாட்டோடு இணைக்கலாம் என்ற பேச்சு கிளம்பியது. ஊரே கொதித்தது. துப்பாக்கிச் சூடு, சாவு. இந்தியாவோடு சேரக் கொடி பிடித்த அதே ஊர், பக்கத்திலிருக்கும் தமிழனோடு சேர மாட்டேன் என்று தெருவில் நின்றது. நமக்கு இது கொஞ்சம் வலிக்கலாம். ஆனால் 1954இல் தங்களை நேராகக் கேட்கவில்லை என்பதை மறக்காத ஒரு ஊர், இரண்டாவது முறை கேட்காமலே முடிவெடுக்க விடவில்லை என்று நான் இதைப் படிக்கிறேன்.

ஒவ்வொரு ஆகஸ்ட் 16 அன்றும் கீழூர் நினைவிடத்தில் கொடி ஏற்றுகிறார்கள். நினைவு கூரப்படுவது 170. அது நியாயம்தான், வென்றது அந்த எண். ஆனால் அந்த எட்டுப் பேர், முடிவு எப்படிப் போகும் என்று நன்றாகத் தெரிந்த ஒரு நாளில், சுற்றிலும் எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்து நின்றபோது, மாட்டேன் என்றார்கள். அவர்கள் சொன்னது தப்பாகவே இருக்கட்டும். அந்த எட்டு ஓட்டும் எண்ணப்பட்டன, எண்ணிக்கை வெளியே சொல்லப்பட்டது, 178 என்று சுற்றி வளைத்து எழுதப்படவில்லை. கீழூரில் நடந்ததை வாக்கெடுப்பு என்று நாம் சொல்ல முடிவதற்கு அந்த எட்டும் ஒரு காரணம்.