பிறந்தநாள் மண்டபமும் மாமன் மடியும்

பிள்ளைக்கு ஒரு வயசு ஆனதும் மண்டபம் பிடிச்சு, பலூன் கட்டி, கேக் வெட்டினா "இதெல்லாம் நம்ம பழக்கமா?" என்று முகம் சுளிக்கிற பெரியவங்க இன்னும் இருக்காங்க. கேக் நம்ம பழக்கம் இல்லை, ஒத்துக்கிறேன். ஆனா பிள்ளைக்கான பெரிய விருந்தை வீட்டை விட்டு வெளியே போய் வைக்கிறது நமக்குப் புதுசே இல்லை.

ராஜராஜ சோழனுக்குச் சதயம், ராஜேந்திரனுக்குத் திருவாதிரை என்று ராஜாக்களுக்குப் பிறந்த நட்சத்திரம் இருந்தது. அன்னைக்குக் கோயில்ல விழாவும் நடந்தது. குடியானவனுக்கு அது ஏது? "பெருவெள்ளம் வந்த வருசம்", "கிணறு வெட்டின வருசம்" என்பதுதான் கணக்கு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடச் சொல்வாங்க. தொட்டுட்டா அஞ்சு வயசு. வாத்தியார் எழுதினதுதான் பிறந்த தேதி. அதனாலதான் பழைய ஆளுங்க நிறைய பேர் மே, ஜூன்ல பிறந்திருப்பாங்க! பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1969-ல் நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வந்தும், கிராமத்தில் அது பழக்கமாக வெகுகாலம் ஆச்சு.

தேதி இல்லாத பிள்ளைக்கு எதைக் கொண்டாடுறது? காதுகுத்து. ஒத்தைப்படை வயசில் குலதெய்வம் கோயிலுக்கு வண்டி கட்டிப் போவாங்க. நாளைக் குறிச்சது ஜோசியர் மட்டும் இல்லை, வெள்ளாமையும்தான். அறுப்பு முடிஞ்சு கையில் காசு வந்தால்தான் விருந்து. ஒரு வருசம் மழை பொய்ச்சா காதுகுத்தும் தள்ளிப்போகும். அப்படியே தள்ளி, கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவசரமா மாப்பிள்ளைக்குக் காது குத்தின கதையெல்லாம் உண்டு.

அங்கே பெத்தவங்க ரெண்டாம்பட்சம். தாய்மாமன் மடியில உட்கார வெச்சுத்தான் மொட்டையும் காதுகுத்தும். தோடு, துணிமணி, சீர்த்தட்டு எல்லாம் அவர் பொறுப்பு. மாமன் கடன் வாங்கியாவது செய்வார். செய்யலைன்னா ஊர் பேசும். அந்தப் பாரத்தையும் சேர்த்துத்தான் சொல்லணும், பழசு எல்லாமே இனிப்பு இல்லை. கெடா வாங்கினவங்க செலவில் ஒரு பங்கு மொய் நோட்டு வழியா திரும்பி வரும்.

1950-லேயே கோயிலில் ஆடு, கோழி பலியிடத் தடைச்சட்டம் போட்டாச்சு. யாரும் கண்டுக்கலை. 2003 ஆகஸ்ட்டில் அதைக் கண்டிப்பா அமல்படுத்தச் சொல்லி அரசு உத்தரவு போட்டதும் கிராமங்கள்ல ஒரே கொந்தளிப்பு. கெடா இல்லாம குலதெய்வத்துக்கு எப்படிக் கணக்குத் தீர்க்கிறது? 2004-ல் சட்டத்தையே விலக்கிக்கிட்டாங்க.

சில குலதெய்வக் கோயில்கள்ல இன்னும் ஒரு கட்டுப்பாடு இருக்கு. வெட்டின கெடாவை அங்கேயே சமைச்சு, அங்கேயே தீர்த்துடணும். ஒரு துண்டு கறி வீட்டுக்குப் போகக்கூடாது. அதனால சாயங்காலம் ஆக ஆக, ரோட்டில் போறவங்களையும் ஆடு மேய்க்கிறவங்களையும் கூப்பிட்டு உட்கார வைப்பாங்க. மண்டபத்தில் கிளம்பும்போது ஆளுக்கொரு பை கொடுத்து அனுப்புறாங்க.