தொண்ணூற்றைந்து கலமும் ஒரு கலிநாளும்

குன்னத்துகாலிலிருந்து பாறசாலை, களியக்காவிளை வழியாகப் புதுக்கடைப் பக்கம் போனால் பார்த்திபபுரம். இடையில் ஓடும் கேரள–தமிழ்நாட்டு எல்லை 1956 நவம்பர் 1-இல் வந்தது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடம் நிலம் மாற்றி வாங்கி இங்கே விஷ்ணு கோயிலும் சாலையும் எடுத்தான். அதைச் சொல்லும் செப்பேட்டை டி. ஏ. கோபிநாத ராவ் பதிப்பித்தார்.

இச்சாலை காந்தளூர்ச் சாலையின் மரியாதைப்படி, அதாவது அதன் விதிமுறைப்படி, அமைந்தது. ஆகவே காந்தளூர் பற்றிய விவாதம் இங்கும் வந்து நிற்கிறது. சோழன் ராஜராஜன் அங்கே கலமறுத்தான் என்று கல்வெட்டுகள் சொல்வதில் வரும் கலத்தைக் கப்பலாகக் கொண்டார் கல்வெட்டறிஞர் ஹூல்ஷ். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அதை உண்கலம் என்றார். சாலை என்பது ஊட்டுப்புரை, அரசன் செய்தது கலங்களை வரையறுத்ததே என்பது அவர் முடிவு. நாஞ்சில் நாட்டு வழக்கு முழுதும் அறிந்தவர் சொன்னதாகையால் அதற்குத் தனி எடை உண்டு. பார்த்திபபுரம் செப்பேடும் கலத்தின் பொருளைப் பொறுத்தவரை அவர் பக்கமே நிற்கிறது. வேதக் கிளைகளான சரணங்களில் பவிழிய சரணத்தாருக்கு 45 கலம், தைத்திரியருக்கு 36, தலவகாரருக்கு 14 என்று இடங்களைக் கலக்கணக்கில்தான் அது பகிர்கிறது. கூட்டினால் 95. சட்டர் எனப்பட்ட சாலை மாணாக்கர் ஒருவருக்கு ஓர் இடம் என்றால் ஓர் உண்கலம் என்றே பொருள்.

ஆனால் ஊட்டுப்புரையோடு நின்றுவிட முடியாது. ஊட்டுப்புரையில் பசித்தவன் உட்காரலாம். இங்கே உட்கார வியாகரணம் தெரிந்திருக்க வேண்டும், புரோகிதத்துக்குத் தகுதி வேண்டும், ‘திரைராச்சிய வியவகாரம்’ தெரிந்திருக்க வேண்டும். மூன்று நாட்டு நடைமுறை என இதை விரிப்பார்கள். சேர, சோழ, பாண்டிய நாட்டு அரசியல் வழக்காறுகளையே இது குறிக்கிறது என்பது என் துணிபு. சோறு நிபந்தம், அதைப் பெற வைத்த தகுதியோ அரசுப் பணிக்கு ஆள் ஆக்கும் கல்வியைக் காட்டுகிறது. சபைக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது, பிறரை ஏசினால் தண்டம் என்ற விதிகளும் வெறும் பந்திக்கு வேண்டாதவை. கவிமணி கலத்தைச் சரியாகக் கண்டார். கலத்தின் முன் உட்கார்ந்தவன் யார் என்பதைக் கேட்காமல் விட்டார்.

இதற்கு எதிர்த்திசையில், இதைத் தெற்கின் நாளந்தா என்றும் அறிவியல் பல இங்கே போதிக்கப்பட்டன என்றும் சொல்வோர் உண்டு. அந்த 95-இல் கணிதனுக்கு ஓர் இடமும் இல்லை. மூன்று எண்களிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது.

ஆனாலும் கணிதம் அந்தச் செப்பேட்டில் இருக்கிறது. தேதியிலேயே இருக்கிறது. கொல்லம் ஆண்டு 825-இலேயே தொடங்கிவிட்டது. எனினும் செப்பேடு எண்ணுவது கலியுகத் தொடக்கத்திலிருந்து கணக்கிடும் கலிநாள் 14,49,087. ஆரியபடரின் ஆண்டளவு 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகைக்குச் சற்று மேல். அதைக் கலியில் கழிந்த 3967 ஆண்டால் பெருக்கினால் 14,48,981 நாள், மிச்சம் 106. அதாவது ஆடி மாதம். ஏழால் வகுத்தால் மீதி மூன்று. கலி பிறந்தது வெள்ளிக்கிழமை என்பதால் மூன்று நாள் தள்ளித் திங்கள் வரும்: 866 ஜூலை 8. எண்ணை நடப்பு நாளாகக் கொண்டால் ஜூலை 7, ஞாயிறு. கணிதர் கழிந்த நாளையே எண்ணுவர் என்பதால் திங்களையே நான் கொள்கிறேன். அந்த ஒரு நாள் வேற்றுமையை எண் மட்டும் கொண்டு தீர்த்துவிட முடியாது.

நிலம் மாறிய நாளை இப்படிப் பதிய, பதினான்கு லட்சம் நாளைத் தவறின்றி எண்ணத் தெரிந்த ஒருவர் அருகே இருந்தாக வேண்டும். மூன்றாண்டு கழித்து, 869-இல், மகோதயபுரத்தில் சேர மன்னன் ஸ்தாணு ரவியின் ஆதரவில் சங்கரநாராயணன் லகுபாஸ்கரீயம் என்ற வானியல் நூலுக்கு உரை எழுதினார். சேர அரசவையில் வானியல் அந்த அளவு வேரூன்றியிருந்தது. தெற்கே ஆய் நாட்டில் அதே கலை சாலையின் சட்டரிடம் அல்லாமல், கோயில் நிலத்தையும் நாளையும் பார்த்த கணக்கரிடம்தான் இருந்தது என்று வலிந்தே வாதிடுவேன். நேர்ச்சான்று குறைவுதான். ஆனால் நிலவுரிமை எந்த நாளில் தொடங்குகிறது என்பதை முடிவுசெய்தது அவர் எண்ணிய எண். அவர் பெயர் செப்பேட்டில் வரவில்லை. 45, 36, 14 என்ற பங்கீட்டில் அவருக்குக் கலமும் இல்லை.