பின்சக்கரம் நெளிஞ்ச கதை

இந்தப் பக்கம் வந்து ரெண்டு மாசம் ஆச்சு மக்களே. சோம்பேறித்தனம் ஒரு காரணம். இன்னொரு காரணம் என் பைக்கு. கம்பெனி பேரெல்லாம் வேண்டாம், பதினெட்டு வருஷம் உழைச்ச வண்டி, பாவம்.

விஷயம் இதுதான். எண்பதைத் தாண்டி ஒரு பெரிய வளைவுல திரும்பினா, பின்பக்கம் மட்டும் மெல்ல இப்படியும் அப்படியுமா நெளியும். ஹேண்டில்பார் சாதுவா இருக்கும். வீட்டம்மா பின்னால உட்கார்ந்தா நெளிசல் இன்னும் ஜாஸ்தி. ஒரு நாள் திண்டிவனம் தாண்டி பைபாஸ்ல நல்லாவே ஆட்டம் காட்டிடுச்சு. வண்டியை ஓரங்கட்டினதும் அவங்க இறங்கி, "இனிமே நான் பஸ்ல வரேன், நீங்க இதுல வாங்க"ன்னு சொன்னாங்க. கோவமா சொல்லியிருந்தா சமாளிச்சிருப்பேன். அமைதியா சொன்னாங்க. அதான் உறைச்சுது.

முதல் கடையில டயர்னு சொன்னாங்க, மாத்தினேன். ரெண்டாவது கடையில ஷாக் அப்சார்பர், மாத்தினேன். மூணாவது கடையில கோன் செட், அதையும் மாத்தினேன். ஒன்பதாயிரம் ரூபாய் போச்சு, நெளிசல் போகலை :-(

கடைசியா ஒரு பெரியவர், மரத்தடி மெக்கானிக். வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கலை. மெயின் ஸ்டாண்டு போடச் சொன்னார். "தம்பி, முன்னாடி கெட்டியா பிடிங்க"ன்னுட்டு, ஸ்விங் ஆர்மோட பின்முனையைப் பிடிச்சுப் பக்கவாட்டுல தள்ளினார். 'டக்'னு ஒரு சத்தம். "வீல் பேரிங்னா வீல் மட்டும் ஆடும். இங்க ஆர்மே சேர்ந்து ஆடுது பாருங்க. புஷ் போச்சு." அவ்வளவுதான். அரை நாள் வேலை, சில நூறு ரூபாய்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கேள்வி குடைய ஆரம்பிச்சுது. இவ்வளவு சின்ன புஷ்ஷுக்கு இவ்வளவு பெரிய வண்டியை ஆட்டி வைக்கிற சக்தி எப்படி வந்தது? தோண்டினா, கதை பெல்ஃபாஸ்ட் வரைக்கும் போகுது.

ஆரம்ப காலத்துல பெரும்பாலான பைக்குகளுக்குப் பின்னால சஸ்பென்ஷனே கிடையாது. சீட்டுக்கு அடியில ஸ்ப்ரிங், மிச்சத்தை முதுகெலும்பு பார்த்துக்கும். முன்பக்கம் கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது. 1935-ல பி.எம்.டபிள்யூ ஆயில் டேம்பிங்கோட டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கைக் கொண்டுவந்தது. பின்பக்கத்துக்கு இங்கிலாந்துல பல கம்பெனிகள் பிடிச்ச வழி 'ப்ளஞ்சர்'. சக்கர அச்சோட ரெண்டு முனையையும் தனித்தனி ஸ்ப்ரிங் குழாய்ல நிறுத்தறது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இடது ஸ்ப்ரிங் ஒரு அளவு, வலது ஸ்ப்ரிங் வேற அளவுன்னு அமுங்கினா சக்கரமே சாயும். சக்கரம் சாய்ஞ்சா வண்டி நேரா போகுமா?

நார்ட்டன் ரேஸ் வண்டிகள்ல இருந்தது இந்த ப்ளஞ்சர்தான். அந்த சேஸிஸுக்கு 'தோட்டத்து கேட்'னு பட்டப்பேர். இன்ஜின் சக்தி கூடக் கூட சேஸிஸ் தாங்காம உடைய ஆரம்பிச்சுது.

இங்கதான் ரெக்ஸ் மக்காண்ட்லெஸ் வர்றார். பெல்ஃபாஸ்ட்காரர், இன்ஜினியரிங் படிப்பெல்லாம் கிடையாது, தானா கத்துக்கிட்டவர். 1940-கள்ல தம்பி க்ரோமியோட சேர்ந்து சொந்தமா சேஸிஸ் கட்டிப் பார்த்துக்கிட்டிருந்தார். ரெண்டு ஸ்ப்ரிங்கும் தனித்தனியா ஆடறதுதான் வியாதின்னா, ரெண்டு பக்கத்தையும் ஒரே கவட்டையா இணைச்சிடு. அந்தக் கவட்டையை முன்னால ஒரே ஒரு அச்சுல மாட்டு. சக்கரம் மேல கீழ போகலாம், பக்கவாட்டுல சாய முடியாது. இதுதான் ஸ்விங் ஆர்ம். முழுக்க அவர் கண்டுபிடிப்புன்னு சொல்ல முடியாது, முன்னாடியே சிலர் முயற்சி பண்ணியிருக்காங்க. அந்த அச்சு இருக்கிற இடத்தை முறுக்காத மாதிரி, சுத்தி ரெட்டைக் குழாய் சேஸிஸ் கட்டினார் பாருங்க, அங்கதான் நிக்கிறார் மனுஷன்.

நார்ட்டன் அவரைக் கூப்பிட்டது. 1950-ல புது சேஸிஸ் வந்தது. ஓட்டிப் பார்த்த ஹரால்ட் டேனியல் இறகு மெத்தையில உட்கார்ந்த மாதிரி இருக்குன்னாராம், 'ஃபெதர்பெட்'னே பேர் நிலைச்சிடுச்சு. இதே டேனியல் 1938-ல மான் தீவு டிடி ரேஸ்ல மணிக்கு 91 மைல் வேகத்துல ஒரு சுற்று ரெக்கார்டு வச்சிருந்தார். 60 கிலோமீட்டர் சுற்று அது. 1950 ஜூன்ல ஜெஃப் டியூக் அதே சுற்றை 93 மைலுக்கு மேல ஓட்டி சீனியர் ரேஸை ஜெயிச்சார். சீனியர், ஜூனியர் ரெண்டுலயும் முதல் மூணு இடம் நார்ட்டனுக்கே. யுத்தத்துக்குப் பிறகு கிடைச்ச மட்டமான பெட்ரோலும் நடுவுல வேகத்தைக் குறைச்சிருந்தது, ஒத்துக்கறேன். ஆனா பழைய ஒத்தை சிலிண்டர் இன்ஜினை வச்சே இதைச் சாதிச்சாங்கங்கிறதை மறந்துடாதீங்க.

நம்ம ஊருக்கும் இதுல பங்கு உண்டு. ராயல் என்ஃபீல்ட் புல்லட், ஃபெதர்பெட்டுக்கு முன்னாடியே ஸ்விங் ஆர்மோட வந்த வண்டி. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸோட கூட்டு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா உருவாச்சு, திருவொற்றியூர்ல ஃபேக்டரி வந்தது.

சரி, நெளிசலுக்குக் கணக்கு போட்டவங்க யாரு? ராபின் ஷார்ப்னு ஒரு ஆங்கிலேயர். 1971-ல எழுதின ஆய்வுக் கட்டுரையில பைக்கோட ஆட்டத்தைப் பிரிச்சுக் காட்டினார். ஹேண்டில்பார் மட்டும் நொடிக்குப் பல தடவை வேகமா உதறினா அது ஒரு வகை. முழு வண்டியும் பாம்பு மாதிரி மெதுவா நெளிஞ்சா அது வேற வகை. 1974-ல அடுத்த கட்டுரை. சேஸிஸ் கொஞ்சம் வளைஞ்சு கொடுத்தா என்ன ஆகும்னு பார்த்தார். பின்சக்கரம் பக்கவாட்டுல முறுக்க இடம் கிடைச்சா, அதிவேகத்துல நெளிசல் தானா அடங்கறது குறைஞ்சுடுதுன்னு தெரிஞ்சுது. மரத்தடிப் பெரியவர் கையால தள்ளிப் பார்த்ததும் அதைத்தான்!

அதாவது, தேய்ஞ்ச புஷ் என் வண்டியை 1950-லேர்ந்து திரும்ப ப்ளஞ்சர் காலத்துக்கே கொண்டு போயிருக்கு. நான் என்னடான்னா டயர் மாத்திக்கிட்டிருந்தேன்.

அதனால, காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி எது ஆடுதுன்னு பாருங்க. ஹேண்டில்பார் உதறுதா? முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க. ஹேண்டிலை மெதுவா திருப்பும்போது நடுவுல சிக்கினா கோன் செட். முன் டயரையும் பாருங்க. முழு வண்டியும் நெளியுதா? முதல்ல காத்து, அப்புறம் பின்னால ஏத்தின பாரம், அப்புறம் ஸ்விங் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பர். கையால தள்ளிப் பார்க்க காசு கேட்க மாட்டாங்க :-)

போன ஞாயித்துக்கிழமை வீட்டம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி ஏத்திக்கிட்டுப் போனேன். அதே பைபாஸ், அதே வளைவு. ஒண்ணும் சொல்லலை. வீட்டுக்கு வந்து இறங்கினப்புறம், "அந்தப் பெரியவருக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்தீங்களா?"ன்னு கேட்டாங்க.

இல்லை. நாளைக்குப் போறேன்.