திருச்சிச் சுருட்டும் தாத்தாவின் வெற்றிலைச் செல்லமும்

ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாகத் தோன்றிய 1887ஆம் ஆண்டுக் கதையில், கொலையாளி பிடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்பதைச் சாம்பலைக் கொண்டே அவர் கண்டறிகிறார். உறையூர்ச் சுருட்டு கடல் கடந்தும் பெயர் பெற்றிருந்த காலம் அது. புகைத்தவர் உடலுக்குள் அப்புகை விட்டுச்செல்லும் தடயத்தை நுண்ணுயிரியைக் கொண்டு படிக்க, மேலும் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

அவ்வழியைக் காட்டியவர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் புரூஸ் ஏம்ஸ் (1928-2024). ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் திறனை மரபணுக் குறையால் இழந்த சால்மோனெல்லா பாக்டீரியாக்களை அவர் எடுத்துக்கொண்டார். ஹிஸ்டிடின் மிகச் சிறிதே உள்ள தட்டில் அவை தழைக்க மாட்டா. ஐயத்திற்குரிய வேதிப்பொருளைச் சேர்த்தபின் தட்டில் பாக்டீரியாத் திட்டுகள் ஏராளமாய்த் தோன்றினால், அப்பொருள் மரபணுவைத் திருத்தி எழுதுகிறது என்று பொருள். கல்லீரலில் உருமாறிய பின்னரே நஞ்சாகும் பொருள்களும் உண்டல்லவா? அதற்காக எலியின் கல்லீரல் சாற்றையும் 1973இல் சேர்த்தார். விலங்குகளில் ஆண்டுக்கணக்கில் நீளும் ஆய்வுக்கு முன்னோட்டமாக, இரண்டே நாளில் ஒரு விடை! 1977இல் யமசாகியும் ஏம்ஸும் புகைப்பவரின் சிறுநீரையே இவ்வாறு சோதித்து, மரபணுவை மாற்றும் பொருள்கள் அதில் இருப்பதைக் காட்டினர்.

இவ்வரலாற்றில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு. திருவரங்கம் கீழச்சித்திரை வீதித் திண்ணையில் வெற்றிலைச் செல்லமும் கையுமாக அமர்ந்திருந்த என் தாத்தா, நான் பிறக்கும் முன்பே 1979இல் வாய்ப்புற்றுநோயால் மறைந்தார். பாட்டி அன்றுமுதல் வெற்றிலையை வீட்டுப் பூசைக்குக்கூட வாங்கவில்லை. இலைதான் எமனென்று அவர் உறுதியாக நம்பினார்.

மும்பைப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் பிடேயும் அவர் குழுவினரும் தாம்பூலத்தைப் பிரித்துப் பிரித்து இதே சோதனைக்கு உட்படுத்தி 1983இல் முடிவை வெளியிட்டனர். பாக்கின் சாறு மரபணுவை மாற்றியது. வெற்றிலைச் சாறு மாற்றவில்லை. புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் விளைப்பது என 1985இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. பாக்கையும் அப்பட்டியலில் சேர்க்க இருபதாண்டுக் காலம் எடுத்துக்கொண்டது என்பது எனக்குக் குறையே.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1992இல் வெளியிட்ட ஆய்வு வேறு வகை. புகைப்பழக்கமுள்ள பதினாறு பேருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை கிராம் மஞ்சள் தந்தபோது, சிறுநீரில் அப்பொருள்கள் குறைந்தன. மஞ்சள் புற்றுநோயைத் தடுக்கும் என்று இதைக்கொண்டு சொல்லிவிட முடியாது. சுருட்டுக்கு இது பரிகாரமும் அன்று.

பாட்டியிடம் இலை குற்றமற்றது என்று ஒருநாள் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். செல்லம் மட்டும் பரணிலிருந்து இறங்கவே இல்லை.