ஞாயிறும் ஞாயிற்றைப் படைத்தவரும்

கிழமையின் முதல் நாளைத் தமிழர் ஞாயிறு என்கின்றனர். அது சூரியனின் பெயர். ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் அந்நாளைச் சூரியன் பெயராலேயே வழங்குகின்றனர். ஆனால் இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், ஸ்பானியர், போர்த்துக்கீசர் ஆகியோரின் மொழிகளில் அதே நாளுக்கு ஆண்டவருடைய நாள் என்னும் பொருளே உண்டு. ஒரே நாளுக்கு வழங்கும் இவ்விரு பெயர்களுக்குப் பின்னால், உரோமப் பேரரசில் சில நூற்றாண்டுக் காலம் நடந்த பெரியதொரு வழக்கு மறைந்து கிடக்கின்றது. அவ்வழக்கின் வரலாற்றையே இன்று நேயர்களுடன் சேர்ந்து நோக்க விரும்புகின்றேன்.

கிறிஸ்தவ சமயம் பழைய சூரிய வழிபாட்டின் மாற்றுருவமே என்று கூறுவோர் உளர். அவர்கள் காட்டும் சான்றுகள் நான்கு. கிறிஸ்தவர் கூடி வழிபடுவது ஞாயிற்றுக்கிழமையில். பழங்காலத்தில் அவர்கள் கிழக்கு நோக்கி நின்று மன்றாடினர். கிறிஸ்து பிறந்த விழாவைச் சூரியனுக்குரிய டிசம்பர் 25ஆம் நாளிற் கொண்டாடுகின்றனர். கிறிஸ்துவின் திருவுருவங்களில் தலையைச் சூழ ஒளிவட்டம் தீட்டுகின்றனர். இந்நான்கும் மெய்யே. ஆயினும், ஒப்புமை வேறு, ஒருமை வேறு. இரண்டு வீடுகளில் ஒரேவகை விளக்கு எரிவதனால், அவ்விரு வீட்டாரும் ஒரே குடும்பத்தினர் ஆகிவிடுவதில்லை. ஆகவே ஒவ்வொரு சான்றையும் அதனதன் காலத்தில் வைத்து ஆராய்தல் வேண்டும்.

முதலில் கிறிஸ்தவத்தின் வேரைப் பார்ப்போம். அது யூத மறையினின்று முளைத்தது. யூத மறையோ சூரிய வணக்கத்தைக் கடுமையாக விலக்கிய மறை. அதன் முதல் நூலில் வரும் படைப்பு வரலாற்றிலே ஒளி முதலாம் நாளிற் தோன்றுகின்றது. சூரியன் நான்காம் நாளிலேதான் உண்டாக்கப்படுகின்றது. அயல் நாடுகள் யாவும் தெய்வமெனப் போற்றிய சூரியனை, அந்நூல் நாளையும் பருவத்தையும் காட்டும் விளக்காக்கி வானத்தில் வைத்துவிடுகின்றது. கி.மு. ஏழாம் நூற்றாண்டில் யூதாவை ஆண்ட யோசியா மன்னன், எருசலேம் ஆலய வாயிலில் சூரியனுக்கென நிறுத்தப்பட்டிருந்த குதிரைகளை அகற்றி, அதன் தேர்களை எரித்தான். எசேக்கியேல் தீர்க்கதரிசியோ, ஆலயத்துக்கு முதுகு காட்டிக் கிழக்கே திரும்பிச் சூரியனைப் பணிந்த ஏறக்குறைய 25 பேரைக் கண்டதாக அவருடைய நூல் கூறுகின்றது. ஆகவே, அம்மக்களிடையே இவ்வழிபாடு அவ்வப்போது தலைகாட்டியதும் உண்மை; அதனைக் குற்றமெனக் கண்டித்ததும் உண்மை.

இனி உரோமாபுரிக்கு வருவோம். சூரிய தேவனுக்கு அந்நகரிற் பழைய காலந்தொட்டே கோயில் இருந்தது. கி.பி. 218இல் அரியணை ஏறிய எலகபாலுஸ் என்னும் இளம் பேரரசன், சிரியா நாட்டு எமேசா நகரின் சூரிய தெய்வத்தை ஒரு கருங்கல் வடிவில் உரோமுக்குக் கொணர்ந்து, ஏனைய தெய்வங்களுக்கெல்லாம் மேலாக வைக்க முயன்றான். 222இல் அவன் கொலையுண்டதோடு அம்முயற்சி வீழ்ந்தது. அரை நூற்றாண்டின் பின்னர் அவுரேலியன் பேரரசன் பல்மைரா நாட்டு அரசி செனோபியாவை வென்று, சிதறிக் கிடந்த பேரரசை ஒன்றாக்கினான். 274இல் அவன் வெல்லற்கரிய சூரியனுக்கு உரோமாபுரியிற் சிறப்பான கோயில் எடுத்து, அதற்கெனத் தனிக் குருமார் குழுவையும் நிறுவினான். வானத்தில் ஒரு சூரியன், மண்ணில் ஒரு பேரரசன் என்னும் எண்ணம் அரசியலுக்கு மிகவும் உகந்ததாயிருந்தது. பல இனத்தாரும் பல மொழியாரும் வாழ்ந்த நாட்டில், எல்லோர் தலைக்கும் மேலே எழுவது சூரியன் ஒன்றே அன்றோ?

ஆனால் கிறிஸ்தவர் சூரியனை வணங்குகின்றனர் என்ற பேச்சு அவுரேலியனுக்கும் முற்பட்டது. ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன், கி.பி. 197 அளவில் எழுதிய தம் சமயக் காப்பு நூலில் இப்பழியை எடுத்து மறுக்கின்றார். கிறிஸ்தவர் கிழக்கு நோக்கி மன்றாடுவதையும் சூரியனின் நாளில் மகிழ்வதையும் கண்டே பிறர் அவ்வாறு எண்ணினர் என்பது அவர் தரும் விளக்கம். அவருக்கு ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்கு முன்னர், யுஸ்தீன் என்னும் அறிஞர் அந்தோனீனுஸ் பீயுஸ் பேரரசனுக்கு விடுத்த விண்ணப்பத்தில், கிறிஸ்தவர் அந்நாளிற் கூடுவதற்குக் காரணம் இரண்டு கூறியிருந்தார். கடவுள் இருளை நீக்கிப் படைப்பைத் தொடங்கிய நாள் அது. கிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுந்த நாளும் அதுவே. நாளின் பெயர் ஊரார் வழக்கு. நாளைக் கொண்டாடிய காரணமோ அவர்களுக்கே உரியது. கிழக்கு நோக்கி நின்றமைக்கும், கிறிஸ்துவின் மறுவருகையை அத்திசையில் எதிர்பார்த்ததும், ஏதேன் தோட்டம் கிழக்கே இருந்ததென்ற நினைவும் காரணமாகச் சொல்லப்பட்டன.

வழக்கைச் சிக்கலாக்கியவன் கொன்ஸ்தந்தைன் பேரரசன். 312இல் மில்வியப் பாலத்தருகே போர் வென்று, 313இல் கிறிஸ்தவருக்கு வழிபாட்டுரிமை அளித்தவன் இவனே. ஆயினும் அதே 313இல் அடிக்கப்பட்ட ஒரு பொற்பதக்கத்தில் அவன் முகமும் சூரிய தேவனின் முகமும் அருகருகே ஒரே சாயலிற் பொறிக்கப்பட்டுள்ளன. சூரியனைத் தன் துணைவனெனக் குறிக்கும் நாணயங்களை மேலும் பல ஆண்டுகள் அவன் வெளியிட்டான். ஏறக்குறைய 325 அளவிலேதான் அவை மறைந்தன. 321ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவன் விதித்த சட்டம், சூரியனின் மதிப்புக்குரிய நாளில் நீதிமன்றங்களும் நகரத் தொழில்களும் ஓய்ந்திருக்க வேண்டுமென்றது; உழவர்க்கு மட்டும் விலக்களித்தது. அச்சட்டத்திற் கிறிஸ்துவின் பெயர் இல்லை. சூரியனை வணங்கியவனும் கிறிஸ்துவை வணங்கியவனும் அதனைத் தத்தமக்கு உரியதென ஏற்கக்கூடியவாறு அது அமைந்திருந்தது. அரசனின் தந்திரமோ, அவன் உள்ளத்தின் தெளிவின்மையோ, எதுவாயினும், இச்சட்டம் கிறிஸ்தவ ஞாயிற்றுக்கிழமையைத் தோற்றுவிக்கவில்லை. பல தலைமுறைகளாக, மறைவாயும் அச்சத்தோடும்கூட, அந்நாளை ஆசரித்து வந்த ஒரு கூட்டத்துக்கு அது ஓய்வுநாளை அளித்தது, அவ்வளவே.

அடுத்து டிசம்பர் 25. 354ஆம் ஆண்டுக்கென உரோமாபுரியில் ஆக்கப்பட்ட நாட்குறிப்பு நூல் ஒன்றின் செய்திகள் பிற்காலப் படிகளில் நமக்குக் கிடைத்துள்ளன. அதில் வரும் அரசாங்கப் பஞ்சாங்கம் டிசம்பர் 25ஆம் நாளில் வெல்லற்கரியவனின் பிறப்பையும், அதற்கென நடந்த 30 தேரோட்டங்களையும் குறிக்கின்றது. அதே நூலிலே சேர்க்கப்பட்ட, 336ஆம் ஆண்டைச் சேர்ந்ததெனக் கொள்ளப்படும் மறைசாட்சிகள் பட்டியலோ, அதே நாளிற் கிறிஸ்து பெத்லகேமிற் பிறந்தார் என்கின்றது. ஒரே நூலின் இரு பக்கங்களில் இரு பிறப்புகள்! திருச்சபை சூரியனின் விழாவைத் தனதாக்கிக்கொண்டது என்று பல அறிஞர் கருதினர். 1889இல் லூயி டுஷேன் என்னும் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். கிறிஸ்து சிலுவையில் மரித்த நாள் மார்ச் 25 என்று மேற்றிசைக் கிறிஸ்தவர் முன்னரே கணித்திருந்தனர். அவர் கருவான நாளும் அதுவே எனக் கொண்டு ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25 வரும். கிழக்கிலே ஏப்ரல் 6 எனக் கணித்தோர் ஜனவரி 6ஐக் கொண்டாடியதும் இக்கணிப்போடு பொருந்துகின்றது.

இவ்விரு விளக்கங்களுள் எது சரியெனினும், நம் வினாவுக்கு விடை மாறாது. நாளைக் கணக்கிட்டுப் பெற்றனராயின், அது சூரியனுக்குக் கடன்பட்டதன்று. சூரிய விழாவினின்று எடுத்தனராயின், அவ்விழாவுக்கு எதிராகவே எடுத்தனர். உரோமப் பஞ்சாங்கம் டிசம்பர் 25ஐப் பகல் மீண்டும் வளரத் தொடங்கும் நாளாக எண்ணியது. ஆண்டுதோறும் தளர்ந்து ஆண்டுதோறும் மீளும் சூரியனின் விழா ஒரு சுழற்சியின் விழா. பெத்லகேமின் விழாவோ அகுஸ்து பேரரசன் காலத்தில், ஏரோது ஆண்ட நாட்டில், ஒரு தாயிடம் ஒருமுறை பிறந்தவரை நினைவுகூரும் விழா. முன்னையது பருவத்தைச் சார்ந்தது. பின்னையது வரலாற்றைச் சார்ந்தது. அடிப்படை வேற்றுமை இங்கேதான் உள்ளது.

கலைச் சான்றையும் மறைக்க வேண்டியதில்லை. 1940களில் வத்திக்கானிலே புனித பேதுரு பேராலயத்தின் அடியில் நடந்த அகழ்வில், யூலியர் குடும்பத்துக் கல்லறை எனப்படும் சிற்றறை ஒன்று ஆராயப்பட்டது. அதன் முகட்டிலே பொன்னிற வண்ணக்கற் பதிப்பு. நடுவில் தலையைச் சுற்றிக் கதிர்கள் வீச, வெண்குதிரை பூட்டிய தேரில் ஏறிச் செல்லும் ஓர் உருவம். தேவன் சூரியனெனவே தோன்றும். ஆனால் அதனைச் சுற்றிக் கொடிமுந்திரி படர்ந்திருக்கின்றது. சுவர்களிலோ மீன்பிடிப்போனும், நல்லாயனும், பெருமீனிடம் அகப்பட்ட யோனாவும் உளர். இவை கிறிஸ்தவர் விரும்பிய காட்சிகள். ஆதலால் அவ்வுருவம் கிறிஸ்துவே என அறிஞர் பலர் கொள்கின்றனர். வேறு விதமாகக் கருதுவோரும் உளர். நீதி ஒரு ஞாயிறென உதிக்கும் என்று மல்கியா தீர்க்கதரிசி பாடிய உவமை கிறிஸ்தவர்க்கு நன்கு தெரிந்ததே. அவ்வுவமையைத் தீட்ட விரும்பியவனுக்கு, அக்காலத்து ஓவியப் பட்டறையில் இருந்த வடிவம் சூரியத் தேர் ஒன்றே. ஒளிவட்டமும் அத்தகையதே. காந்தாரச் சிற்பங்களிற் புத்தபெருமானின் தலைக்குப் பின்னும் அவ்வட்டம் உண்டு. அதுகொண்டு பௌத்தம் சூரிய வழிபாடென யாரும் சொல்வதில்லை.

இவ்விரு நெறிகளும் ஒன்றேயாயின், அவற்றிடையே போட்டி இருந்திராது. ஆனால் இருந்தது. 361 முதல் 363 வரை ஆண்ட யூலியன் பேரரசன் கிறிஸ்தவனாய் வளர்க்கப்பட்டு, அதனைக் கைவிட்டவன். கற்றறிந்தவன், தத்துவம் பயின்றவன். 362ஆம் ஆண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில் இருந்தபோது சூரிய மன்னனைப் போற்றி உரைநடையில் நீண்டதொரு துதி வரைந்தான். அவனுக்குச் சூரியன் வெறும் தீப்பந்தன்று. உயர்ந்த மெய்ப்பொருளுக்கும் இவ்வுலகுக்கும் இடையில் நிற்கும் தெய்வம். சூரிய வழிபாட்டினர் எல்லோரும் அறிவிலிகள் என்று எண்ணுவது தவறென்பதற்கு இவனே சான்று. ஆனால், இரு நெறிகளையும் உள்ளிருந்து அறிந்த அவன், ஒன்றை ஏற்க மற்றதைத் துறக்க வேண்டுமென்று கண்டான் என்பதும் கவனிக்கத்தக்கது.

படித்தவர் கண்ட இவ்வேற்றுமை பாமரர்க்கும் தெளிவாக இருந்ததா? இருந்ததென்று சொல்வதற்கில்லை. ஆபிரிக்க ஆயர் அகுஸ்தீன் தம் இளமையில் ஒன்பது ஆண்டுக் காலம் மானிகேயரோடு இருந்தவர். சூரியனைக் கிறிஸ்துவோடு ஒன்றுபடுத்திய கூட்டம் அது. பின்னர் அவர் ஆற்றிய பிறப்பு விழா மறையுரைகளில், நாம் இந்நாளைக் கொண்டாடுவது சூரியனுக்காக அன்று, அதனைப் படைத்தவருக்காகவே என்னும் கருத்தை வற்புறுத்தினார். நம்மவர் சிங்கராயர் என வழங்கும் முதலாம் லியோ பாப்பரசர் 440 முதல் 461 வரை உரோமாபுரியில் ஆட்சி செய்தார். அவர் காலத்திலும், புனித பேதுரு பேராலயத்துக்கு வந்த கிறிஸ்தவர் சிலர், படிகளேறி மேற்றளத்தை அடைந்ததும், உள்ளே நுழையுமுன் உதய சூரியன் பக்கம் திரும்பித் தலைவணங்கினராம். பிறப்பு விழா மறையுரை ஒன்றிலேயே அவர் இதனைச் சொல்லி வருந்துகின்றார். ஓரளவு அறியாமையாலும் ஓரளவு பழைய சமயப் பற்றாலும் இது நேர்ந்ததென்றார். சிலர் படைத்தவரை எண்ணியே வணங்கியிருக்கலாம் எனவும் ஒப்புக்கொண்டார். ஆயினும் அதனையும் விடவேண்டும் என்றார். ஏன்? பழைய வழிபாட்டைத் துறந்து புதிதாய் வந்த ஒருவன் அதனைக் கண்டால், தான் துறந்ததும் அடைந்ததும் ஒன்றே என மயங்கிவிடுவான் அன்றோ? வெளிச்செயல் ஒன்றே, உள்ளக் கருத்து இரண்டு. காண்பவன் கண்ணுக்கு உள்ளக் கருத்து தெரியாது. அந்தப் படிகளில் நின்ற எளிய மனிதனின் நம்பிக்கையே அவருக்கு முக்கியமாயிருந்தது.

இவற்றால் நாம் பெறும் முடிவு இது. கிறிஸ்தவம் உரோம உலகில் வளர்ந்தது. ஆகவே அவ்வுலகின் நாட்பெயரையும், சித்திர வடிவையும், ஒருவேளை விழா நாளையும் எடுத்தாண்டது. எந்தச் சமயமும் தான் வளரும் நாட்டின் சொற்களாலேயே பேசவேண்டியுள்ளது. ஆனால் ஒரு சமயத்தை அறிய விரும்புவோர், அது எந்த நாளிற் கூடுகின்றது, எந்தத் திசையை நோக்குகின்றது என்பதோடு நின்றுவிடலாகாது. அது யாரை வணங்குகின்றது, எந்நிகழ்ச்சியை நினைவுகூருகின்றது, எதனை விலக்குகின்றது என்று அச்சமயத்தாரின் வாய்மொழியையே கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்டால், யுஸ்தீன் முதல் லியோ வரை 300 ஆண்டுக் காலம் ஒரே விடை வருகின்றது. ஒளி நல்லது, சூரியன் அழகியது, ஆனால் வணக்கம் அதற்குரியதன்று. இவ்விடையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. சொல்லாத விடையை அவர்கள்மேல் ஏற்றுவது மட்டும் வரலாறாகாது.